க்ளோயி கிம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடக்கும் இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் ரிமோட் என் கையில்தான். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வந்து உட்காருபவர்கள், "இந்தப் பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்பார்கள், நான் ஆரம்பிப்பேன், பாதியில் எழுந்து போய்விடுவார்கள். 2018லிருந்து இதே கதை. மாமா, அலுவலகத் தோழிகள், பக்கத்து வீட்டுப் பையன் என்று ஆள்தான் மாறுகிறதே தவிர கேள்வி மாறவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

க்ளோயி கிம் யாரு? எப்பப் பார்த்தாலும் அவங்களப் பத்தியே பேசுறியே?

அமெரிக்க ஸ்னோபோர்டு வீராங்கனை. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 23ல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்தவர், டோரன்ஸில் வளர்ந்தவர். அப்பா அம்மா இருவரும் தென்கொரியாவிலிருந்து வந்தவர்கள். ஹாஃப்பைப் என்ற ஃப்ரீஸ்டைல் போட்டியில் 2018, 2022 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் தங்கம், 2026ல் வெள்ளி. ஹாஃப்பைப்பில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் பெண் இவர்தான். உலக சாம்பியன் பட்டம் மூன்று முறை: 2019, 2021, 2025.

ஏன் இவரைப் பற்றியே பேசுகிறேன் என்றால், பதக்கக் கணக்குக்காக மட்டும் இல்லை. உச்சத்தில் இருந்தபோது இரண்டு முறை பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போய், இரண்டு முறையும் முன்பைவிட நன்றாக ஆடத் திரும்பி வந்தார். கீழே அது தனியாக வருகிறது.

ஸ்னோபோர்டும் ஸ்கீயிங்கும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்கீயிங்கில் காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பட்டைகள், கையில் இரண்டு கம்புகள், முகம் போகிற திசையைப் பார்த்து இருக்கும். ஸ்னோபோர்டில் ஒரே பலகை. இரண்டு காலையும் அதில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும், கையில் எதுவும் கிடையாது. பேருந்துப் படியில் ஒருக்களித்து நின்று பயணம் செய்கிற மாதிரி என்று என் மாமாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒருவர் தன் மகள்களுக்கு விளையாட்டு காட்டப் போய்த்தான். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு ஸ்கீ பட்டைகளைச் சேர்த்து இணைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் அதில் நின்றுகொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் சறுக்கினார்கள். அதுதான் ஸ்னர்ஃபர் என்ற பெயரில் கடைக்கு வந்து, பிறகு வேறு கைகளில் மாறி மாறி இன்றைய பலகை ஆனது. ஒலிம்பிக்ஸுக்குள் வர 1998 நாகானோ வரை ஆகிவிட்டது.

ஃப்ரீஸ்டைல்னா? நீச்சல்ல வர்ற மாதிரியா?

பெயர் மட்டும்தான் ஒன்று. இங்கே ஃப்ரீஸ்டைல் என்றால் யார் முதலில் கீழே வந்தார் என்பது கணக்கில்லை, காற்றில் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு. மூன்று வகை உண்டு: ஹாஃப்பைப், ஸ்லோப்ஸ்டைல், பிக் ஏர். ஸ்லோப்ஸ்டைலில் கம்பிகள், மேடுகள் என்று வரிசையாக வரும். பிக் ஏரில் ஒரே பெரிய தாவல். கிம் சின்ன வயதில் ஸ்லோப்ஸ்டைலும் ஆடியிருக்கிறார், ஆனால் அவருடைய வீடு ஹாஃப்பைப்தான்.

ஹாஃப்பைப் எப்படி இருக்கும்? டிவியில ஒண்ணும் பிடிபடல.

ஒரு பெரிய குழாயை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மலைச்சரிவில் கிடத்தியது போல இருக்கும். முழுவதும் கெட்டிப் பனி. சுவர் 22 அடி உயரம், அதாவது இரண்டு மாடிக் கட்டடம். ஒரு சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி மேலே பறந்து, சுழன்று, அதே சுவரிலேயே இறங்கி, எதிர்ச்சுவருக்குப் போய் மறுபடி அதே வேலை. கீழே வருவதற்குள் ஐந்து ஆறு முறை.

பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மரக்கிணற்றின் சுவரில் பைக் சுற்றுமே, அதுவும் கடைசியில் வேகத்தை நம்பித்தான் நிற்கிறது. இங்கே இன்ஜின் கிடையாது. முதல் தாவலுக்கு இருந்த வேகத்தை ஆறாவது தாவல் வரை காப்பாற்ற வேண்டும், ஒரு இடத்தில் கொஞ்சம் தடுமாறி இறங்கினால் அடுத்த தாவலில் உயரம் குறையும், உயரம் குறைந்தால் நினைத்த சுழற்சி முடியாது, அப்புறம் கடைசிவரை சமாளிப்புதான். கிம் பெரும்பாலானவர்களைவிட மேலே போவார். அவர் ஆட்டத்தின் மற்ற எல்லாமே அந்த உயரத்தின் மேல்தான் நிற்கிறது.

1080, 1260ன்னு சொல்றாங்களே, அது மார்க்கா?

மார்க் இல்லை, பாகை. ஒரு முழுச் சுற்று 360. மூன்று சுற்று 1080. மூன்றரைச் சுற்று 1260.

காகிதத்தில் சாதாரணமாகத் தெரிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: விளிம்புக்கு மேலே நான்கு மீட்டர் எழும்பினால் காற்றில் கிடைப்பது சுமார் 1.8 விநாடி. "ஒண்ணு... ரெண்டு" என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை சுற்றி, பலகையைக் கையால் பிடித்து, விட்டு, இறங்க வேண்டிய இடத்தைக் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பு இல்லாமல் சும்மா சுற்றினால் மார்க் அடிபடும்.

"பேக் டு பேக் 1080"னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல என்ன பெருசு? ஒண்ணு போட்டா ரெண்டாவதும் போட வேண்டியதுதானே?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் உண்மையான கஷ்டம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. முன்னோக்கிக் கிளம்பி 1080 சுற்றினால், இறங்கும்போது பின்பக்கம் முன்னாக இறங்குவீர்கள். வழக்கமாக எந்தக் கால் முன்னே இருக்குமோ அது பின்னே போய்விடும். இதை ஸ்விட்ச் என்பார்கள். வலது கைக்காரர் இடது கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரி. இரண்டாவது 1080ஐ அந்த இடது கைநிலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் முதல் சுற்றின் தலைகிறுகிறுப்பு அடங்குவதற்குள், எதிர்ச்சுவரில்.

பெண்கள் போட்டியில் முதன்முதலாக ஒரு 1080 போட்டவர் அமெரிக்காவின் மூத்த வீராங்கனை கெல்லி கிளார்க், 2011ல் எக்ஸ் கேம்ஸ் என்ற வருடாந்தரப் போட்டியில். இரண்டை அடுத்தடுத்துப் போட்ட முதல் பெண் கிம், 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில், 15 வயதில். அந்த ஓட்டத்துக்கு, அதாவது மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கி வந்ததற்கு, நடுவர்கள் கொடுத்தது முழுசாக 100.

மார்க் யாரு போடுறாங்க, எப்படி? ஒரே மாதிரிதான தெரியுது எல்லாம்.

ஒலிம்பிக்ஸில் ஆறு நடுவர்கள், ஒவ்வொருவரும் நூற்றுக்கு மார்க் போடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதி நான்கின் சராசரி. உயரம், கஷ்டம், சுத்தம், ஒரே வித்தையைத் திரும்பச் செய்யாமல் விதவிதமாகச் செய்வது, இதுவரை யாரும் செய்யாததைக் கொண்டுவருவது என எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஒரு மதிப்பீடு. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி இந்த வித்தைக்கு இத்தனை என்ற விலைப்பட்டியல் கிடையாது. சண்டையும் அதனால்தான் வருகிறது.

முக்கியமான ஒன்று: இறுதிச்சுற்றில் மூன்று ஓட்டம், மூன்றில் சிறந்தது மட்டும் கணக்கு. கூட்ட மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 2022க்குத் தேவைப்படும்.

இவங்க எப்படி இதுக்குள்ள வந்தாங்க? பணக்கார வீட்டுப் பொண்ணா?

அப்படித்தான் நானும் நினைத்தேன், இது காசுள்ளவர்கள் விளையாட்டு என்பதால். அப்பா ஜாங் ஜின் கிம் 1982ல் சில நூறு டாலரோடு அமெரிக்கா வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, பிறகு படித்து பொறியாளர் ஆனவர். மகளுக்கு நான்கு வயதானபோது மவுண்டன் ஹை என்ற பக்கத்து மலைக்குக் கூட்டிப்போனார். அவருக்கே சறுக்கத் தெரியாது. இணையத்தில் 25 டாலருக்கு ஒரு பழைய பலகை வாங்கி, அதன் அடியில் தேய்க்க வேண்டிய மெழுகுக்குப் பதில் வீட்டு மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கொடுத்தார். பலகையின் அடிப்பாகம் பனியில் ஒட்டாமல் வழுக்குவதற்குத் தேய்க்கும் மெழுகுக்கென்றே தனி வகை இருக்கிறது, மெழுகுவர்த்தி அதற்கான பொருளே இல்லை. ஆனால் குழந்தை சறுக்கினாள், ஆறு வயதில் அங்கே ஒரு அணியிலும் சேர்ந்துவிட்டாள்.

எட்டு வயதிலிருந்து இரண்டு வருடம் சுவிட்சர்லாந்தில், ஜெனிவாவில் அத்தை வீட்டில் இருந்தார். அப்பாவும் மகளும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து ரயில் மாறி, எல்லை தாண்டி பிரான்ஸில் இருக்கும் மலைக்குப் பயிற்சிக்குப் போவார்கள். கலிபோர்னியா திரும்பிய பிறகு மாமத் மலை. வீட்டிலிருந்து ஐந்தாறு மணி நேரக் கார் பயணம். பின்சீட்டில் பெண் தூங்கிக்கொண்டு வர, அப்பா இரவெல்லாம் ஓட்டுவார். அதற்காகவே வேலையையும் விட்டுவிட்டார். நம் ஊரில் பிள்ளையின் நீட் கோச்சிங்குக்காக வீடு மாற்றும் அப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆள் அந்நியமாகத் தெரியமாட்டார், வெற்றி பெற்றதால் நமக்கு இனிமையாகத் தெரிகிறதோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு எப்போதும் உண்டு.

13 வயசுலயே பதக்கம் வாங்கினாங்கன்னா, 2014 ஒலிம்பிக்ஸ்ல ஏன் காணோம்?

வயசுதான். 2014 ஜனவரியில் ஆஸ்பெனில் நடந்த எக்ஸ் கேம்ஸில் வெள்ளி, முதலிடம் கெல்லி கிளார்க். ஒலிம்பிக்ஸுக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அடுத்த மாதம் சோச்சியில் அவர் இல்லை. அடுத்த ஆண்டே, 14 வயதில் எக்ஸ் கேம்ஸ் தங்கம். 2016ல் லில்லஹேமர் இளையோர் ஒலிம்பிக்ஸில் ஹாஃப்பைப், ஸ்லோப்ஸ்டைல் இரண்டிலும் தங்கம், தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடி பிடித்ததும் அவர்தான்.

எக்ஸ் கேம்ஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த மாதிரி விளையாட்டுகளுக்கென்றே வருடாவருடம் நடக்கும் போட்டி. ஒலிம்பிக்ஸ் நமக்குத்தான் பெரிது, ஸ்னோபோர்டுக்காரர்களில் பலருக்கு இதுவும் அதே அளவு பெரிது.

2018ல என்னதான் நடந்துச்சு? அதைச் சொன்னாலே உனக்குக் கண்ணு பளபளங்குது.

பிப்ரவரி 13, நமக்குக் காலை ஆறரை மணி. அடுப்பில் பால் வைத்துவிட்டு கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பியோங்சாங்கில் முதல் ஓட்டத்திலேயே 93.75, வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை. தகுதிச்சுற்றில் முதலிடம் என்பதால் இறுதிச்சுற்றில் அவர் கடைசி ஆள். மூன்றாவது ஓட்டத்துக்கு மேலே வந்து நிற்கும்போதே தங்கம் அவருடையது, அவருக்கு முன்னால் இறங்கிய எல்லாரும் முடித்துவிட்டார்கள். கையை ஆட்டிக்கொண்டு நேராகக் கீழே இறங்கி வந்திருக்கலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள்.

அவர் அப்போதுதான் அந்த அடுத்தடுத்த 1080களைப் போட்டார். 98.25. பால் பொங்கி அடுப்பு அணைந்தது எனக்குக் கடைசிவரை தெரியாது. வெள்ளி சீனாவின் லியு ஜியாயு, 89.75. வெண்கலம் அமெரிக்காவின் ஏரியல் கோல்ட், 85.75. நான்காவது இடம் யார் தெரியுமா, கெல்லி கிளார்க். 34 வயது, தன் ஐந்தாவது ஒலிம்பிக்ஸ், சின்ன வயதிலிருந்து தான் கைகொடுத்து வளர்த்த பெண் 17 வயதில் ஜெயிப்பதைப் பதக்கத்துக்கு ஒரு படி கீழே நின்று பார்த்தார். எனக்கு அந்தக் காட்சிதான் தங்கத்தைவிட அதிகம் நினைவில் நிற்கிறது.

இதற்கு நடுவில் அந்தப் பெண் ட்விட்டரில், காலையில் சாண்ட்விச்சை முழுசாகச் சாப்பிடாமல் வந்துவிட்டேன், இப்போது பசியில் எரிச்சலாக வருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

கொரியப் பொண்ணுதானே, ஏன் அமெரிக்காவுக்கு ஆடுது?

அவர் அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கர். கொரியப் பெயரும் உண்டு, கொரிய மொழியும் பேசுவார், 2018 போட்டி நடந்தது பெற்றோரின் நாட்டில், பாட்டியும் நேரில் வந்து பார்த்தார். அன்று காலை அப்பா அனுப்பிய செய்தியும் கொரியக் கதையிலிருந்துதான்: இமுகி என்ற பாம்பு டிராகனாக மாறும் நாள் இது என்று. க்ளோயி பிறந்த 2000 டிராகன் ஆண்டு.

ஆனால் இந்தக் கேள்வியின் இன்னொரு முகம் அவ்வளவு நல்லதல்ல. 2014ல் முதல் எக்ஸ் கேம்ஸ் பதக்கத்தின் படத்தைப் போட்டதிலிருந்தே, ஊருக்குத் திரும்பிப் போ, வெள்ளைக்காரப் பெண்களின் பதக்கத்தைப் பறிக்காதே என்று செய்திகள் வர ஆரம்பித்ததாக 2021ல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது வயது 13. பொது இடத்தில் பெற்றோருடன் கொரிய மொழியில் பேசுவதையே நிறுத்திவிட்டாராம். ஒரே ஆளை ஒருபக்கம் "நம்ம பொண்ணு" என்று கொண்டாடினார்கள், மறுபக்கம் இப்படி.

தங்கப் பதக்கத்தைக் குப்பையில போட்டாங்களாமே, உண்மையா?

உண்மை, அவரே 2022ல் சொன்னது. 2018க்குப் பிறகு பெற்றோர் வீட்டில் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். பிறகு எடுத்துக்கொண்டார், கவலைப்படாதீர்கள்.

திமிர் என்று என் மாமா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 17 வயதில் ஒரே காலையில் ஊரறிந்த ஆளாகி, கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் படம், பார்பி பொம்மையில் முகம், கடைக்குப் போய் ஒரு சாண்ட்விச் வாங்க முடியாத நிலைமை. ஜெயித்த பிறகு வாழ்க்கை வெறுத்துப்போனது என்றே சொன்னார். நான்கு வயதிலிருந்து ஓடிய கார் சட்டென்று நின்றுவிட்டது, இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் கேமரா. அந்தக் கோபத்தைக் காட்ட வேறு எது இருந்தது கையில்?

காயம்பட்டதாலதானே ரெண்டு வருஷம் ஆடல?

பாதி சரி. 2019 மார்ச்சில் ஒரு போட்டியில் கணுக்கால் முறிந்தது. ஆனால் எலும்பு கூடுவதற்கு 22 மாதம் ஆகாது. அந்த ஆண்டே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விடுதியில் தங்கி, சாதாரண மாணவியாக இருந்து பார்த்தார். ஸ்பான்சர்கள் இருக்கும்போது, 19 வயதில், ஆடத் தெம்பு இருக்கும்போது இப்படி விலகுவதற்குத் தனி தைரியம் வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டில் ஒரு சீசன் போனால் பின்னால் 15 வயதுக்காரி ஒருத்தி வந்து நிற்பாள்.

2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் லாக்ஸில் திரும்பி வந்தார். ஜெயித்தார். அதே மாதம் எக்ஸ் கேம்ஸ் தங்கம், மார்ச்சில் உலக சாம்பியன். 2022 ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் மனநலத்துக்காக மறுபடி ஒரு சீசன் ஓய்வு. முதல் கேள்வியில் இரண்டு முறை என்று சொன்னது இதைத்தான்.

2022ல விழுந்தாங்களே, ரெண்டு தடவை. நான் பார்த்தேன். அப்புறம் எப்படித் தங்கம் கொடுத்தாங்க?

மேலே மார்க் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா, மூன்றில் சிறந்தது மட்டும்தான். பெய்ஜிங்கில் முதல் ஓட்டம் 94. போட்டிக்கு முன்னான பயிற்சி படுமோசமாகப் போயிருந்ததால், அதை முடித்து இறங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு நம்ப முடியாமல் நின்றார். அந்த 94ஐ யாராலும் தாண்ட முடியவில்லை. ஸ்பெயினின் கெரால்ட் காஸ்டெல்லெட் 90.25, ஜப்பானின் செனா டோமிடா 88.25.

அப்புறம் ஏன் விழுந்தார்? கையில் 94 இருக்கும் துணிச்சலில் 1260க்குப் போனார். இரண்டாவது ஓட்டத்திலும் மூன்றாவதிலும் வரவில்லை. 2018ல் ஜெயித்த பிறகு அடுத்தடுத்த 1080 போட்டாரே, அதே குணம்தான், இந்த முறை விழுந்தது, அவ்வளவுதான்.

சரி, அந்த 1260 கடைசியில வந்துச்சா?

வந்தது. 2024 ஜனவரியில் எக்ஸ் கேம்ஸில், ஓய்வு முடிந்து வந்த பிறகு. பெண்கள் ஹாஃப்பைப் போட்டியில் அதுவே முதல் 1260. 2011ல் கெல்லி கிளார்க்கின் 1080லிருந்து கணக்கிட்டால், கூடுதலாக ஒரு அரைச் சுற்றுக்கு 13 வருடம் ஆகியிருக்கிறது.

ஆம்பளைங்க 1440 போடுறாங்க, இவங்க 1260தானே?

ஆமாம், 2022ல் ஜப்பானின் அயுமு ஹிரானோ மூன்று முறை கவிழ்ந்து நான்கு சுற்று சுற்றினார். ஆண்கள் இன்னும் உயரம் போகிறார்கள், மேலே போட்ட 1.8 விநாடிக் கணக்கில் அவர்களுக்கு நேரம் கூடுதல். ஓட்டப் பந்தயத்தில் பி.டி. உஷாவிடம் போய் ஆண்கள் நேரத்தைச் சொல்லி ஒப்பிடுவோமா? ஆனாலும் ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால், எக்ஸ் கேம்ஸ் சூப்பர்பைப் (அங்கே ஹாஃப்பைப்புக்கு அந்தப் பெயர்) தங்கம் அமெரிக்க வீரர் ஷான் வைட்டுக்கு எட்டு. கிம்முக்கும் 2025ல் எட்டு ஆகிவிட்டது.

உயிருக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது, சுற்றி வளைக்க வேண்டாம். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும் அந்தச் சுவர் தொட்டால் பனிக்கட்டி. 2009 கடைசி நாளில் கெவின் பியர்ஸ் என்ற அமெரிக்க வீரர் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்து மூளையில் பலத்த காயம்பட்டார், பிழைத்தார், போட்டிக்குத் திரும்பவில்லை. அதே ஊரில் 2012 ஜனவரியில் கனடாவின் சாரா பர்க், இவர் ஸ்கீ ஹாஃப்பைப் வீராங்கனை, விழுந்து சில நாட்களில் இறந்துபோனார். தன் விளையாட்டை ஒலிம்பிக்ஸில் சேர்க்கப் போராடியவர், 2014ல் அது சேர்ந்தபோது அவர் இல்லை.

இப்போது புது வித்தைகளை நேராகப் பனியில் முயல்வதில்லை, காற்று நிரப்பிய பெரிய மெத்தையில் பல நாள் இறங்கிப் பழகிவிட்டுத்தான் வருவார்கள். ஹெல்மெட் கட்டாயம். ஆபத்து குறைந்திருக்கிறது, போகவில்லை.

காசு வருமா இதுல?

மேலே இருக்கும் சிலருக்கு நன்றாக வரும். ஒலிம்பிக் தங்கத்துக்கு அமெரிக்கக் கமிட்டி தருவது 37,500 டாலர், அதை வைத்து ஒரு வருடப் பயிற்சிச் செலவே ஓடாது. வருமானம் ஸ்பான்சரிடமிருந்துதான். கிம்முக்கு ராக்ஸி, ஓக்லி, டொயோட்டா, நைக்கி என்று பெரிய பட்டியல். பத்தாவது பதினைந்தாவது இடத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஓசிப் பலகையும் உடையும் கிடைக்கும், விமான டிக்கெட்டுக்கு வீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வெயில் காலத்துல என்ன பண்ணுவாங்க?

குளிரைத் துரத்திக்கொண்டு போவார்கள். ஜூலை, ஆகஸ்டில் நியூசிலாந்தில் குளிர்காலம். ஐரோப்பாவில் பனிப்பாறை இருக்கும் உயரமான இடங்கள் உண்டு. இல்லையென்றால் மேலே சொன்ன காற்று மெத்தை, உடற்பயிற்சிக்கூடம்.

2026ல தோத்துட்டாங்களே, அவ்வளவுதானா?

ஒலிம்பிக்ஸுக்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரியில் லாக்ஸில் பயிற்சியின்போது விழுந்து தோள் விலகியது, உள்ளே குருத்தெலும்பு வளையமும் கிழிந்தது. பலகையே தொடாமல் பல நாள் போனது. அந்தத் தோளோடு போட்டி நடந்த இத்தாலியின் லிவீன்யோவுக்கு வந்து முதல் ஓட்டத்தில் 88 எடுத்து முன்னிலையில் இருந்தார். தென்கொரியாவின் சோய் காஒன், 17 வயது, முதல் ஓட்டத்தில் மோசமாக விழுந்து, எழுந்து, மூன்றாவதில் 90.25 போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டார். கிம்முக்கு வெள்ளி, ஜப்பானின் மிட்சுகி ஓனோவுக்கு வெண்கலம்.

இந்த சோய் திடீரென்று வந்தவர் இல்லை. மிக இளம் வயதில் எக்ஸ் கேம்ஸ் சூப்பர்பைப் தங்கம் என்று கிம் 14 வயதில் வைத்த சாதனையை 2023லேயே இன்னும் சில மாதம் இளையவராக வந்து உடைத்தவர். கிம்மைப் பார்த்து வளர்ந்த பெண். முடிந்ததும் கிம் போய் அவரைக் கட்டிக்கொண்டார். 2018ல் கெல்லி கிளார்க் நின்ற இடம் ஞாபகம் வந்தது எனக்கு. தோல்வி என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒற்றைத் தோளோடு வாங்கிய வெள்ளிக்கு என் அகராதியில் அந்தச் சொல் பொருந்தவில்லை.

அப்ப எல்லாக் காலத்துக்கும் இவங்கதான் பெஸ்ட்டா?

ஹாஃப்பைப்பில், என் கணக்கில், ஆமாம். கெல்லி கிளார்க் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், 2002 தங்கம், 2010லும் 2014லும் வெண்கலம், கிட்டத்தட்ட இருபது வருடம் உச்சியில் இருந்தவர், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மொத்த ஃப்ரீஸ்டைல் என்று எடுத்தால் பதில் சுலபமில்லை. ஸ்லோப்ஸ்டைலில் 2014, 2018 தங்கம் ஜேமி ஆண்டர்சன், பிக் ஏரில் 2018, 2022 தங்கம் ஆஸ்திரியாவின் அன்னா காசர். மூன்றும் வேறு வேறு வேலை, சமையலில் பிரியாணி மாஸ்டரையும் பரோட்டா மாஸ்டரையும் ஒப்பிடுகிற மாதிரி.

அடுத்த தடவை பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்? சுத்துறத எண்ண முடியல.

எண்ணாதீர்கள், வர்ணனையாளர் சொல்லிவிடுவார். இறங்கும் இடத்தைப் பாருங்கள். சுவரின் மேல்பகுதியில், செங்குத்தாக இருக்கும் இடத்தில் வழுக்கி இறங்கினால் வேகம் அப்படியே இருக்கும், அடியில் தட்டையான பகுதிக்குப் பக்கத்தில் வந்து தொப்பென்று இறங்கினால் அடுத்த தாவலில் பாதி உயரம் போய்விட்டது என்று அர்த்தம். கையைப் பாருங்கள், பலகையை முழுசாகப் பிடித்திருக்கிறாரா, விரலால் தொட்டுவிட்டு விட்டாரா என்று.

டிவி சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். சுத்தமாக இறங்கினால் பனியைச் சீவும் ஒரு மெல்லிய "ஸ்ஸ்ஸ்" மட்டும் கேட்கும், பிசகினால் பலகை தட்டும் சத்தம் கேட்கும். தோழியின் பத்து வயது மகள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே யார் விழப்போகிறார் என்று சொல்கிறாள், பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறது.